ஆக்டேன் எண் தெரிகிறது. எத்தனால் அளவு தெரிகிறதா?

புது தில்லி: தலைநகரில் எந்தப் பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தினாலும், எத்தனை ரூபாய்க்கு என்று கேட்பதற்கு முன்பாகவே ஊழியர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாதாரணமா, பிரீமியமா?" புதிய கார் வைத்திருப்பவர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஆசையாக வாங்கிய வேகக் காரை இன்னமும் பேணிக் காத்து வருபவர்தான் தயங்குகிறார். 91, 95, 100 என்ற எண்களில் தமது காருக்கு ஏற்றது எது என்பது அவருக்குப் புரிவதில்லை.

சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையிலிருந்து 1999-ல் வெளிவந்த ஃபோர்டு ஐகானின் 1.6 லிட்டர் வகை, 2001-ல் அறிமுகமான ஃபியட் பாலியோவின் 1.6 லிட்டர் வகை, அதன் பின்னர் வந்த டர்போ பொருத்திய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். போன்றவை அன்றைய இளைஞர்களைக் கவர்ந்த கார்கள். அவற்றின் விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும், நன்கு பராமரிக்கப்பட்டவை இன்றும் நாட்டின் பல நகரங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கார்கள் மாறவில்லை, அவற்றுக்கு ஊற்றப்படும் பெட்ரோல்தான் இந்த இடைவெளியில் பெரிதும் மாறிவிட்டது.

இதை ஒரு சில கார் பிரியர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023-ம் ஆண்டுக்கு முன் வாங்கப்பட்ட கோடிக்கணக்கான கார்களும் இரு சக்கர வாகனங்களும் இதே பெட்ரோலில்தான் ஓடுகின்றன. பழைய வேகக் காரின் என்ஜின் நுட்பமானது என்பதால், அதன் உரிமையாளர் சிக்கலை முதலில் உணர்கிறார். அவ்வளவே வேறுபாடு.

எண் சொல்வது என்ன?

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் தரத்துக்கு வழங்கப்படும் மதிப்பெண் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. எண் கூடினால் வேகம் கூடும், மைலேஜ் கூடும், என்ஜின் சுத்தமாக இருக்கும் என்று நம்பிப் பணம் கொடுப்போர் ஏராளம். உண்மையில் அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ளாகும்போது, தீப்பொறி படும் முன்பு தானாகவே தீப்பற்றிக்கொள்ளாமல் அந்தப் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதே அது.

என்ஜினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. உரிய தருணத்தில் ஸ்பார்க் பிளக் பொறியைத் தருகிறது. தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். அவ்வாறு பரவி முடிப்பதற்குள் மூலையில் எஞ்சியிருக்கும் கலவை தானே வெடித்துவிட்டால், உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை எழுகிறது. மெக்கானிக்குகள் இதை "நாக்கிங்" என்கிறார்கள். தொடர்ந்து இப்படி நேர்ந்தால் பிஸ்டனும் சிலிண்டர் தலைப்பகுதியும் சேதமடையும்.

கலவையை அதிகமாக அமுக்கும் என்ஜினில் இந்த ஆபத்து அதிகம். ஆகவே, அமுக்க விகிதம் உயர்ந்த வேகக் கார்களுக்கும் டர்போ பொருத்திய கார்களுக்கும் கூடுதல் ஆக்டேன் தேவைப்படுகிறது. 9-க்கு 1 என்ற அளவில் அமுக்கும் சாதாரண என்ஜினுக்கு 91 ஆக்டேன் பெட்ரோல் பொதுவாகப் போதுமானது. அதில் 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றுவதால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் கிடையாது. மாறாக, 95 தேவைப்படும் டர்போ என்ஜினில் 91 ஊற்றுவது கேட்டை விலை கொடுத்து வாங்குவதாகும்.

நாக்கிங்கை உணரும் சென்சார் பொருத்திய கார்களில், பொறி விழும் நேரத்தைக் கணினி சற்றுத் தள்ளிவைத்து என்ஜினைக் காப்பாற்றிக்கொள்ளும். வேகம் மட்டுமே குறையும். அந்த வசதி இல்லாத பழைய கார்களில் காதால் கேட்டு எச்சரிக்கையாவதைத் தவிர வேறு வழியில்லை.

வெளிநாட்டுக் கையேடுகளைப் படிப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெட்ரோல் நிலையத்தில் காட்டப்படுவது ஆர்.ஓ.என். எனப்படும் ஆராய்ச்சி முறை எண். அமெரிக்காவில் இரு வேறு சோதனை முறைகளின் சராசரியைக் காட்டுகிறார்கள். அங்கே 87 எனப்படுவது இங்கே ஏறத்தாழ 91-க்குச் சமம். இதை அறியாமல், அமெரிக்கக் கையேட்டில் 91 என்று இருப்பதைப் பார்த்து இங்கே 91 ஊற்றுவது தவறு. அந்தக் காருக்கு இங்கே 95 அல்லது அதற்கு மேல் தேவை.

மாறிவந்த பெட்ரோல்

1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில், ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் நாக்கிங் அடங்குவது கண்டறியப்பட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் பெட்ரோலின் ஆக்டேனை உயர்த்த ஈயமே மலிவான வழியாக இருந்தது. அது காற்றில் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது உறுதியான பிறகே நாடுகள் விழித்துக்கொண்டன.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் தில்லி, மும்பை, கோல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1998 செப்டம்பர் 1 முதல் தில்லியிலும், 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதிலும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. தில்லியின் காற்று மாசு தொடர்பாக உச்ச நீதிமன்றத்தில் நடைபெற்ற பொதுநல வழக்கு இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது.

அப்போது சாதாரண பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் 88. 2005-ல் தில்லி உள்ளிட்ட பெருநகரங்களில் பாரத்-3 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது அது 91 ஆயிற்று. அதே காலகட்டத்தில் அரசு எண்ணெய் நிறுவனங்கள் தனி வணிகப் பெயர்களுடன் பிரீமியம் பெட்ரோலைப் பெருமளவில் விளம்பரப்படுத்தின.

இங்கேதான் குழப்பத்தின் வேர் இருக்கிறது. பிரீமியம் எனப்பட்டவற்றில் சில, என்ஜினுக்குள் கரி படியாமல் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டவை. சில, ஆக்டேன் எண்ணே கூடியவை. இரண்டும் வெவ்வேறு. வாடிக்கையாளருக்கு இந்த வேறுபாடு தெளிவாகச் சொல்லப்படவில்லை. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த 100 ஆக்டேன் பெட்ரோலை முதல் கட்டமாகப் 10 நகரங்களில் அறிமுகப்படுத்தியது. சாதாரண பெட்ரோலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விலை என்பதால், விலை உயர்ந்த கார்களும் பைக்குகளும் வைத்திருப்போரையே அது சென்றடைந்தது.

எத்தனால் வந்த கதை

ஆக்டேன் குறித்த பேச்சு இப்படியிருக்க, பெட்ரோலின் உள்ளடக்கமே வேறொரு திசையில் மாறத் தொடங்கியது. 2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீத எத்தனால் கலந்து விற்கும் திட்டம் தொடங்கியது. கரும்பு விளைச்சலும் விலைத் தகராறும் காரணமாக அது நெடுங்காலம் தள்ளாடியது. 2013-14-ல் உண்மையில் கலக்கப்பட்ட அளவு 1.53 சதவீதமே.

அதன் பின்னர் வேகம் பிடித்தது. 2022 ஜூனில் 10 சதவீத இலக்கு எட்டப்பட்டது. 2030-க்கு என்றிருந்த 20 சதவீத இலக்கை மத்திய அரசு ஐந்து ஆண்டுகள் முன்னதாகக் கொண்டுவந்தது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் பிரதமர் நரேந்திர மோடி இ-20 பெட்ரோலை அறிமுகப்படுத்தினார். 2025-ல் அந்த இலக்கும் எட்டப்பட்டுவிட்டது. எத்தனால் கலக்காத எரிபொருளுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் உற்பத்தி வரி விதிக்கப்படும் என்று 2022-23 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். கலப்பு என்பது வரிக் கொள்கையாகவும் ஆகிவிட்டதை அது காட்டியது.

இந்தத் திட்டத்துக்கு அரசு கூறும் நியாயங்களைப் புறந்தள்ள இயலாது. கச்சா எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு இது. 2014-15 முதல் 2025 ஜூலை வரை எத்தனால் கலப்பால் 1 லட்சத்து 44 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் அதிகமான அந்நியச் செலாவணி மிச்சமானதாகப் பெட்ரோலிய அமைச்சகம் கூறுகிறது. கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்கு இதனால் கிடைத்த வருவாயையும் அமைச்சகம் சுட்டிக்காட்டுகிறது.

ஆக்டேன் கணக்கில் இது லாபமும்கூட. எத்தனாலின் ஆக்டேன் எண் 108.5, அதனுடன் கலக்கப்படும் பெட்ரோலின் எண் 84.4, இரண்டும் சேர்ந்த இ-20 பெட்ரோலின் எண் 95 என்று 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தில் அமைச்சகம் தெரிவித்தது. அதாவது, ஒரு காலத்தில் ஈயம் செய்த வேலையை இன்று எத்தனால் செய்கிறது. ஈயத்தைப்போல் அது நஞ்சைப் பரப்புவதில்லை என்பது பெரிய ஆறுதல்.

அப்படியானால் பழைய வேகக் காரின் உரிமையாளர் மகிழ்ச்சியடைய வேண்டியதுதானே? 88-க்கும் 91-க்கும் வடிவமைக்கப்பட்ட காருக்கு 95 கிடைக்கிறதே? இங்கேதான் எண் மறைக்கும் செய்தி வெளிப்படுகிறது.

எண் சொல்லாதது

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. ஆகவே, ஆக்டேன் கூடினாலும் மைலேஜ் குறையும். எத்தனால் இன்றி ஓடும்படி வடிவமைக்கப்பட்டு, 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று 2021 ஜூனில் வெளியான நீதி ஆயோக் நிபுணர் குழு அறிக்கை மதிப்பிட்டது. 2025 ஆகஸ்டில் அமைச்சகம் வெளியிட்ட விளக்கமோ, புதிய வகைக் கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்றது.

இரண்டாவது, எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மை கொண்டது. நாள்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரின் டேங்கில் ஈரம் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடக்கூடும். மேலே எஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் அப்போது குறைந்துவிடும். விடுமுறை நாளில் மட்டும் வெளியே எடுக்கப்படும் வேகக் கார்களுக்கு இது நேரடி ஆபத்து.

மூன்றாவது, பழைய கார்களின் எரிபொருள் குழாய், ஓ-ரிங், கேஸ்கட் ஆகியவற்றின் ரப்பர், எத்தனாலைத் தாங்கும் வகையில் தயாரிக்கப்பட்டதல்ல. சில பழைய வாகனங்களில் 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டது. அதற்கான செலவு குறைவு என்பது அதன் வாதம். உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் கார்களுக்கு அது பொருந்தும். உற்பத்தி நின்றுபோன கார்களின் உரிமையாளர்கள், தில்லி கஷ்மீரி கேட் போன்ற உதிரிபாகச் சந்தைகளில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியுள்ளது.

நான்காவது, எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகவே தேவை. ஆக்சிஜன் சென்சார் உள்ள கார்களில் கணினி ஓரளவுக்கு இதைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் உள்ள பழைய கார்களில் அது இயலாது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையாகி, என்ஜின் சூடேறி இழுவை குறையும்.

இ-20 பெட்ரோலைத் தாங்கும் பாகங்களுடன் புதிய வாகனங்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன் வாங்கியவர்களின் நிலை குறித்து மேற்சொன்ன நீதி ஆயோக் அறிக்கை ஒரு வழி சொல்லியிருந்தது. 10 சதவீதம் கலந்த பெட்ரோல், பழைய வாகனங்களுக்கான பாதுகாப்பு எரிபொருளாகத் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே அது. மைலேஜ் இழப்பை ஈடுகட்ட வரிச் சலுகை அளிப்பது பற்றிப் பரிசீலிக்கலாம் என்றும் அறிக்கை கூறியது.

எத்தனால் கொள்முதல் விலை 2025 ஜூலை நிலவரப்படி லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசாக உயர்ந்துவிட்டதால் இ-20 பெட்ரோலை மலிவாகத் தர இயலவில்லை என்பது அமைச்சகத்தின் விளக்கம். பழையபடி எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குத் திரும்பினால், மாசுக் கட்டுப்பாட்டில் பெற்ற பலன்களை இழக்க நேரிடும் என்றும் அது கூறியது. 10 சதவீதம் கலந்த பெட்ரோலையும் உடன் விற்பதற்கு என்ன தடை என்ற கேள்விக்கு இது முழுமையான பதிலாகாது.

நீதிமன்றத்தில்

2025 மழைக்காலக் கூட்டத்தொடரின்போது இந்தப் பிரச்னை சூடுபிடித்தது. தமக்கு எதிராகப் பணம் கொடுத்துப் பிரசாரம் நடத்தப்படுகிறது என்று அடுத்த மாதம் மோட்டார் வாகனத் தொழில்துறையினரின் கூட்டத்தில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி கூறினார். எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்கப்பட வேண்டும், கலப்பு அளவை நிலையங்களில் எழுதி வைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மத்திய அரசின் சார்பில் அட்டர்னி ஜெனரல் அந்த மனுவை எதிர்த்தார்.

கொள்கை முடிவில் நீதிமன்றம் தலையிட மறுத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. எனினும், மனுவின் இரண்டு கோரிக்கைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. எந்தப் பெட்ரோலை விற்பது என்பது அரசின் கொள்கை. விற்பதில் என்ன இருக்கிறது என்று சொல்வது வாங்குபவரின் உரிமை.

எத்தனால் கலப்பை ஏற்ற மற்ற நாடுகள் இதை உணர்ந்துள்ளன. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலப்பு வழக்கமான பெட்ரோலாக ஆக்கப்பட்டபோது, பழைய வாகனங்களுக்காக 5 சதவீதக் கலப்பு உயர் ஆக்டேன் வகையில் தக்கவைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபர் முதல், பெட்ரோல் குழாயிலும் புதிய கார்களின் டேங்க் மூடி அருகிலும் இ-5, இ-10 என்று ஒரே மாதிரியான அடையாளச் சின்னம் ஒட்டப்படுகிறது. நமது அமைச்சகம் அடிக்கடி உதாரணம் காட்டும் பிரேசிலில் கலப்பு 27 சதவீதமாக இருந்து 2025 ஆகஸ்டில் 30 சதவீதமாயிற்று. ஆனால், அங்கே எந்தக் கலப்பிலும் ஓடக்கூடிய கார்கள் 2003 முதலே விற்கப்பட்டு வருகின்றன. அவகாசம் கிடைத்த நாட்டின் அனுபவத்தை அவகாசம் கிடைக்காத வாகனங்களின் மீது அப்படியே சுமத்த முடியாது.

உரிமையாளர் செய்யக்கூடியவை

கொள்கை மாறும்வரை காத்திருக்க முடியாத பழைய கார் உரிமையாளர், முதலில் கையேட்டையும் டேங்க் மூடியின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். அங்கே 91 அல்லது அதற்குக் கீழ் குறிப்பிடப்பட்டு, ஏற்றத்திலும் கோடை வெயிலிலும் நாக்கிங் ஓசை கேட்காத வரை, கூடுதல் ஆக்டேனுக்குச் செலவிடும் பணம் வீண். 95 என்று குறிப்பிடப்பட்டிருந்தால் அதற்குக் குறையக் கூடாது.

சரியான பெட்ரோல் ஊற்றியும் ஓசை கேட்டால், குறை என்ஜினில் இருக்கலாம். பல ஆண்டுகள் ஓடிய சிலிண்டருக்குள் கரி படிந்து, அமுக்க விகிதமும் வெப்பமும் கூடிவிடுவதால் பழைய என்ஜினுக்குப் புதிதாக இருந்தபோது தேவைப்பட்டதைவிடக் கூடுதல் ஆக்டேன் தேவைப்படுவது உண்டு. கரியை நீக்கி, ஸ்பார்க் பிளக், பொறி நேரம், ரேடியேட்டர் ஆகியவற்றைச் சரிபார்ப்பது, ஆண்டு முழுவதும் விலை உயர்ந்த பெட்ரோல் வாங்குவதைவிட மலிவு. கடைகளில் பாட்டிலில் விற்கும் ஆக்டேன் கூட்டிகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் சிலவற்றில் உள்ள உலோகச் சேர்மங்கள் பிளக்கிலும் கேட்டலிடிக் கன்வர்ட்டரிலும் படிந்து கெடுக்கும்.

எண் பெரிதாக இருப்பதால் எத்தனால் இல்லை என்று கருதிவிடக் கூடாது. 95 என்ற எண்ணே எத்தனாலால் வந்ததாக இருக்கலாம். 100 ஆக்டேன் பெட்ரோல் எத்தனால் கலவாதது என்று கூறப்பட்டு வந்தாலும், வாங்குமுன் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். எரிபொருள் குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டால் பாதிக் கவலை தீரும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் காரில் பழைய பெட்ரோலைத் தேங்கவிடாமல், அவ்வப்போது ஓட்டிப் புதியதை நிரப்ப வேண்டும்.

தில்லிவாசிகளுக்கு மற்றொரு தடையும் உண்டு. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்கள் தலைநகரப் பகுதியில் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வாகனங்களுக்குப் பெட்ரோலே இல்லை என்று கேமராக்களுடன் தொடங்கிய நடவடிக்கை, எதிர்ப்பு காரணமாகச் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அதனால்தான் தலைநகரின் பழைய வேகக் கார்கள் பல, தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலங்களுக்குச் சென்றுவிட்டன. எங்கு சென்றாலும் அவற்றுக்குக் கிடைப்பது இதே பெட்ரோல்தான்.

எத்தனால் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்று பெரும்பாலோர் கேட்கவில்லை. ஆக்டேன் எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனால் சதவீதத்தையும் அதே அளவு எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பழைய வாகனங்களுக்கு 10 சதவீதப் பெட்ரோல் சில நிலையங்களிலாவது கிடைக்க வேண்டும். அரசே நியமித்த குழு சொன்ன இந்த யோசனையின் கதி என்னவாயிற்று என்று நாடாளுமன்றத்தில் விளக்கப்பட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகப்போவதில்லை. காசு கொடுப்பவருக்குத் தாம் வாங்குவது என்ன என்று தெரிந்தால், எதை வாங்குவது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.